அவை நிருபர்களின் பன்னாட்டுச் சங்கம்: செயற்குழுவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மாநாட்டின் கடைசி நாள் பிற்பகல். பாதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். மேடையில் இருப்பவர், "அடுத்த முறைக்குச் செயலாளர் யார்?" என்று கேட்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் பெயரை முன்மொழிகிறார். பின்வரிசையிலிருந்து ஒருவர் வழிமொழிகிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அவ்வளவுதான், பல நாடுகளில் உறுப்பினர்கள் உள்ள ஒரு சங்கத்தின் பொறுப்பு உங்கள் கைக்கு வந்துவிட்டது.

நானும் ஏறக்குறைய இப்படித்தான் உள்ளே வந்தேன். அப்போது யாராவது இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் முதல் ஓராண்டு வீணாகியிருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். அவை நிருபர் என்று நான் சொல்வது பத்திரிகைக்குச் செய்தி எழுதும் நிருபரை அல்ல. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் பேசப்படுவதைப் பதிவு செய்து, செம்மை செய்து, அவையின் அதிகாரபூர்வ அறிக்கையாக வெளியிடுகிறவர்களைச் சொல்கிறேன். ஹன்சார்ட் என்ற பெயரில் பல நாடுகள் வெளியிடுவது இதைத்தான். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 'அதிகாரபூர்வ அறிக்கை' என்று மட்டும் அழைக்கிறது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

இந்த வேலையில் இருப்பவர்கள் நாடு கடந்து சேர்வது புதிதல்ல. சுருக்கெழுத்துக்காரர்களின் பன்னாட்டு மாநாடு 1887-லேயே லண்டனில் கூடியது. இன்டர்ஸ்டெனோ என்ற கூட்டமைப்பு தன் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்குள் நாடாளுமன்ற நிருபர்களுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. காமன்வெல்த் ஹன்சார்ட் பதிப்பாசிரியர்கள் சங்கம் இன்னொன்று. பிரிட்டன், அயர்லாந்து அவைகளுக்கு ஒரு சங்கம், கனடாவுக்கு ஒன்று என்று வட்டாரச் சங்கங்களும் இருக்கின்றன. இவற்றில் எதற்குள் நீங்கள் போனாலும் கீழே சொல்வது பொருந்தும். விவரங்கள் மட்டும் மாறும்.

முதல் வாரம்: விதிகளைக் கையில் பென்சிலோடு வாசியுங்கள்

சங்கத்தின் அமைப்பு விதிகள் பெரும்பாலும் சில பக்கங்கள்தான். ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். ஆனால் ஐந்து கேள்விகளுக்கு விடை தேடி வாசியுங்கள். யார் உறுப்பினர்? யாருக்கு ஓட்டு? எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும்? யார் கையெழுத்தில் பணம் போகும்? இந்த விதிகளையே மாற்ற வேண்டும் என்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை பங்கு ஆதரவு?

ஐந்துக்கும் தெளிவான விடை இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான் ஓட்டை இருக்கும். அதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

'ஒரு நாடாளுமன்றத்துக்கு ஒரு ஓட்டு' என்று விதி சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் லண்டனில் மக்களவைக்கு ஒரு ஹன்சார்ட் அலுவலகம், பிரபுக்கள் அவைக்கு இன்னொன்று. டில்லியில் மக்களவைச் செயலகமும் மாநிலங்களவைச் செயலகமும் தனித்தனி. அரசமைப்புச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவில் இரண்டு அவைகளுக்கும் ஒரே துறைதான் ஹன்சார்ட் எழுதுகிறது. நியூசிலாந்தில் இருப்பதே ஒரு அவை. அப்படியானால் லண்டனுக்கு இரண்டு ஓட்டா, ஒன்றா? கான்பராவுக்கு? மாநில, மாகாணச் சட்டமன்றங்களையும் சேர்த்தால் கணக்கு இன்னும் சிக்கலாகும். ஆஸ்திரேலியாவும் கனடாவும் கூட்டாட்சி நாடுகள் என்பதால் அங்கிருந்தே பத்துப் பதினைந்து ஓட்டு வந்துவிடும். சின்னஞ்சிறு தீவு நாட்டிலிருந்து வருபவருக்கு ஒன்றே ஒன்று.

எங்கள் சங்கத்தில் இது ஒரு முறை வெடித்தது. அடுத்த மாநாட்டை எங்கே வைப்பது என்று ஓட்டெடுப்பு. ஒரே அவையிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். மூன்று கையும் உயர்ந்தது. எதிர்வரிசையில் ஒரு பெண்மணி, தன் அலுவலகத்திலிருந்து தனியாக, நீண்ட தூரம் பயணம் செய்து வந்தவர், எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த மூன்று கையும் மூன்று ஓட்டா?" தலைவர் விதிப் புத்தகத்தைத் திறந்தார். 'உறுப்பினர்கள் வாக்களிக்கலாம்' என்று மட்டும் இருந்தது. உறுப்பினர் என்பது ஆளா, அலுவலகமா என்று எங்கும் இல்லை. முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் அலுவலகத்துக்கு ஒன்று என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு மறுபடி எண்ணினோம். முடிவு மாறவில்லை. ஆனாலும் அந்தப் பெண்மணியின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. தான் கேட்காவிட்டால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே பொறுப்பேற்றதும் விதியில் இந்த இடத்தைத் தேடுங்கள். தெளிவாக இல்லையென்றால் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே திருத்தம் கொண்டுவாருங்கள். சண்டை எதுவும் இல்லாத நேரத்தில்தான் இந்தத் திருத்தம் எளிதாக நிறைவேறும்.

என் கருத்தைக் கேட்டால், அலுவலகத்துக்கு ஒரு ஓட்டு என்பதே நல்லது. ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால், பயணச் செலவைத் தாங்கக்கூடிய பணக்கார அவைகள்தான் எப்போதும் ஜெயிக்கும். நாட்டுக் குழுக்களின் கூட்டமைப்பாக இருந்தால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். அங்கே நாட்டுக் குழுதான் அலகு.

உறுப்பினர் பட்டியலும், நாடுகள் வந்துபோவதும்

பட்டியலைப் புதுப்பிப்பது அலுப்பான வேலைதான். ஆனால் ஓட்டும் சந்தாவும் அழைப்பும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு அலுவலகத்துக்கும் எழுதி, 'உங்கள் சார்பில் பேசுபவர் யார்?' என்று கேளுங்கள். ஆளின் பெயரோடு பதவியின் பெயரையும் வாங்கிவையுங்கள். ஆள் ஓய்வுபெற்றுப் போவார், பதவி இருக்கும். முடிந்தால் அலுவலகப் பொது முகவரியையும் கேளுங்கள்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. சங்கம் ஏதாவது நாடுகளின் அமைப்பை அடியொற்றி இருந்தால், ஒரு நாடு அந்த அமைப்பைவிட்டு விலகும்போது அந்நாட்டு நிருபர்கள் என்ன ஆவார்கள்? கற்பனைக் கேள்வி இல்லை இது. காமன்வெல்த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கா 1961-ல் விலகி 1994-ல் திரும்பியது. ஜிம்பாப்வே 2003-ல் விலகியது. மாலத்தீவு 2016-ல் விலகி 2020-ல் மறுபடி சேர்ந்தது. விலகும் முடிவை எடுத்தது அரசுகள். அவையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு நிலைமையும் வரும். நாடாளுமன்றமே இல்லாமல் போய்விடுவது. ஃபிஜியில் 2006 டிசம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு 2014 அக்டோபர் வரை நாடாளுமன்றம் கூடவில்லை. கிட்டத்தட்ட எட்டு ஆண்டு. அவை கூடாத நாட்டில் அவை நிருபர் யார்? அவரை உறுப்பினர் என்று சொல்லலாமா? அவருக்கு நம் பயிற்சியும் தொடர்பும் அதிகம் தேவைப்படும் காலம் அதுதானே?

எனக்கு நேர்மையாகப் படும் வழி, உறுப்பினர் தகுதியை இரண்டு படியாக வைப்பது. ஓட்டுரிமையுள்ள முழு உறுப்பினர் ஒரு படி. ஓட்டு இல்லாமல், மாநாட்டுக்கு வரவும் தகவல் பெறவும் உரிமையுள்ள இணை உறுப்பினர் இன்னொரு படி. நாடு விலகினாலும் அவை முடங்கினாலும் நிருபர் இணை உறுப்பினராகத் தொடரலாம் என்று எழுதிவிட்டால், அரசியல் புயல் அடிக்கும்போது செயற்குழு உட்கார்ந்து யாரைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வுபெற்றவர்களையும் இதே படியில் வைக்கலாம். அவர்களிடம்தான் நேரம் இருக்கிறது.

செயற்குழு: யார், எப்போது, எந்த நேரத்துக்கு

தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், வட்டாரத்துக்கு ஒரு பிரதிநிதி. இது போதும். தலைவர் பதவியை அடுத்த மாநாட்டை நடத்தப்போகும் அவைக்குக் கொடுப்பது சில சங்கங்களில் வழக்கம். அதில் ஒரு வசதி இருக்கிறது. மாநாட்டு வேலையும் முடிவெடுக்கும் அதிகாரமும் ஒரே இடத்தில் சேரும். ஆனால் செயலாளரையும் பொருளாளரையும் அதே சமயத்தில் மாற்றாதீர்கள். எல்லோரும் ஒன்றாகப் போனால் சங்கத்தின் நினைவும் கூடவே போய்விடும். பாதிப் பேர் ஒரு மாநாட்டிலும் மீதிப் பேர் அடுத்ததிலும் மாறும்படி வையுங்கள்.

அப்புறம், கூட்டம். நம் தொழிலில் இருப்பவர்களைக் கூட்டுவது மற்ற சங்கங்களைப் போல இல்லை. அவை கூடியிருக்கும் வாரத்தில் நிருபரை எதற்கும் எதிர்பார்க்காதீர்கள். முறைவைத்து உள்ளே போவார், சில நிமிடம் குறிப்பெடுப்பார், வெளியே வந்து எழுத்தாக்குவார், அடுத்த முறை வந்துவிடும். இரவு எத்தனை மணிக்கு அவை ஒத்திவைக்கப்படும் என்று அவருக்கே தெரியாது. ஆகவே ஆண்டின் தொடக்கத்தில் செயற்குழு உறுப்பினர்களின் அவை நாட்காட்டிகள் எல்லாவற்றையும் வாங்கி ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். எல்லா அவைகளுக்கும் ஓய்வான வாரம் ஒன்றிரண்டுதான் தெரியும். அவற்றை உடனே பிடித்துவையுங்கள். திடீர்த் தேர்தல் அறிவிப்பு வந்தால் அதுவும் மாறும். ஆனால் அவை கலைந்தால் நிருபருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும் என்பதால் சில சமயம் அது நமக்கு நல்லதாகவே முடியும்.

நேரத்தை ஒரு முறை போட்டுப் பாருங்கள், அப்போதுதான் இதன் கஷ்டம் புரியும். ஜனவரி மாதம், லண்டனில் காலை 7 மணிக்குக் கூட்டம் என்றால் நைரோபியில் 10 மணி, டில்லியில் பகல் 12.30, சிங்கப்பூரில் 3 மணி, வெலிங்டனில் இரவு 8. எல்லோருக்கும் சரி. ஆட்டவாவில் மட்டும் நள்ளிரவு தாண்டி 2 மணி. சரி, கனடாக்காரருக்காக மாற்றுவோம் என்று லண்டனில் இரவு 8 மணிக்கு வைத்தால் ஆட்டவாவில் பிற்பகல் 3, வெலிங்டனில் மறுநாள் காலை 9. இப்போது டில்லியில் நள்ளிரவு தாண்டி 1.30, சிங்கப்பூரில் விடியற்காலை 4. எல்லோருக்கும் ஒத்த நேரம் என்று ஒன்று கிடையாது. ஒரே ஆள் எப்போதும் தூக்கம் கெடாதபடி சுற்றுமுறையில் வையுங்கள், அதைக் குறிப்பிலும் எழுதுங்கள். வட துருவப் பக்கமும் தென் துருவப் பக்கமும் கோடைக்காலக் கடிகார மாற்றத்தை எதிரெதிராகச் செய்வதால், லண்டனுக்கும் வெலிங்டனுக்கும் இடையே ஜனவரியில் 13 மணி நேர வித்தியாசம், ஜூலையில் 11. அழைப்பில் உலகப் பொது நேரத்தையும் சேர்த்துப் போட்டால் குழப்பம் குறையும்.

நேரில் கூட முடியாதபோது மின்னஞ்சலில் தீர்மானம் நிறைவேற்ற விதி இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேருங்கள். தீர்மானத்தின் வாசகம், பதில் சொல்லக் கடைசி நாள், குறைந்தது எத்தனை பேர் பதில் சொன்னால் செல்லும் என்ற மூன்றும் அழைப்பிலேயே இருக்க வேண்டும். 'பதில் வராவிட்டால் சம்மதம்' என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் அவையில் இருந்திருப்பார், அஞ்சலையே பார்த்திருக்க மாட்டார்.

கூட்டத்தில்: ஒவ்வொருவரும் தன் அவையைச் சுமந்து வருவார்

இந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் அவை நடைமுறை தலைகீழ்ப் பாடம். இது பலம் என்று நினைப்பீர்கள். பாதி உண்மைதான். ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது அவரவர் அவையின் நடைமுறை.

கோரத்தை, அதாவது கூட்டம் செல்ல இருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையைப் பாருங்கள். இந்திய மக்களவையில் மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கு. ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் அவையில் ஐந்தில் ஒன்று. கனடா மக்களவையில் இருபது பேர். பிரிட்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மக்களவையில் நாற்பது. நால்வரும் உங்கள் கூட்டத்துக்கு வந்து நான்கு விதமாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதைவிட ஆபத்தான சொல் ஒன்று இருக்கிறது. தீர்மானத்தை 'டேபிள்' செய்கிறேன் என்று பிரிட்டிஷ் வழக்கில் வந்தவர் சொன்னால், இப்போதே விவாதத்துக்கு எடுக்கிறேன் என்று பொருள். அமெரிக்க வழக்கில் அதே சொல்லுக்கு, இப்போது வேண்டாம் ஒதுக்கி வை என்று பொருள். இரண்டு பேரும் ஒரே தீர்மானத்துக்கு ஆதரவாக இருந்துகொண்டே ஒருவரையொருவர் எதிர்ப்பார்கள். தலைவர் இருக்கையில் இருப்பவர் அந்தச் சொல்லையே தவிர்த்துவிட்டு, 'இப்போது பேசலாமா, தள்ளிவைக்கலாமா?' என்று கேட்டால் போதும்.

கோரம் எவ்வளவு, சமநிலை வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டா, திருத்தத்தின் மேல் திருத்தம் அனுமதியா என்று அரைப் பக்கத்தில் எழுதி, கூட்டத்துக்கு முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். இங்கே எந்த அவையின் விதியும் செல்லாது, நம் விதிதான் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கூட்டக் குறிப்பு யார் எழுதுவது? சிரிப்பாக இருக்கும், ஆனால் அறை முழுக்க உலகத்தின் தேர்ந்த பதிவாளர்கள் உட்கார்ந்திருக்க, குறிப்பெழுத மட்டும் யாரும் இருக்க மாட்டார்கள். வேறு யாரோ எழுதுகிறார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள். நாள் முழுக்க மற்றவர் பேச்சை எழுதியவர்கள், இங்கேயாவது சும்மா கேட்கலாம் என்று இருப்பதில் நியாயம் உண்டு. நான் பொறுப்பேற்றபோது முந்தைய ஆண்டுகளின் தீர்மானங்களைக் கேட்டேன். இரண்டு மாநாட்டுக்குக் குறிப்பே இல்லை. 'இன்னாருக்கு நினைவிருக்கும்' என்றார்கள். பிறர் பேச்சை ஒரு சொல் பிசகாமல் காப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களின் சங்கம் தன் முடிவுகளை ஞாபகத்தில் வைத்திருந்தது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

எழுத உட்காருபவர் இன்னொரு தவறு செய்வார். பழக்க தோஷத்தில் பேச்சு முழுவதையும் எழுதிவிடுவார். நாற்பது பக்கம் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். ஹன்சார்ட்டுக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு வரையறை உண்டு. சொல்லுக்குச் சொல் அப்படியே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும், திரும்பச் சொன்னதையும் மிகையையும் விட்டுவிடலாம், வெளிப்படையான பிழையைத் திருத்தலாம், ஆனால் பொருளுக்கோ வாதத்துக்கோ சேர்க்கும் எதையும் விடக் கூடாது. அவைக்கு அது அருமையான அளவுகோல். செயற்குழுவுக்கு அது வேண்டாம். தீர்மானத்தின் முழு வாசகம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஓட்டுக் கணக்கு, யார் எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பவை போதும். பதினான்கு நாளுக்குள் வரைவு எல்லோருக்கும் போக வேண்டும். அதற்குப் பின் நினைவு மங்கி, திருத்தங்கள் சண்டையாகிவிடும்.

விதிகளும் தீர்மானங்களும் இரண்டு மொழியில் வெளியானால், முரண்பட்டால் எது செல்லும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பணம்

தொகை சின்னது, தலைவலி பெரியது. ஒரு அலுவலகத்தின் ஆண்டுச் சந்தாவை வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் வங்கிக் கட்டணமும் நாணய மாற்றும் சேர்ந்து கணிசமான பங்கைத் தின்றுவிடும். மாநாட்டுக்கு மாநாடு ஒரே தவணையாக வாங்குவது மேல்.

பணம் கட்டுவது நிருபர் இல்லை, அவர் அவையின் கணக்குப் பிரிவு என்பதையும் மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு விலைப்பட்டியல் வேண்டும், அது அவர்கள் நிதியாண்டுக்குள் வர வேண்டும். இந்தியா, பிரிட்டன், கனடாவில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கென்யாவில் ஜூலையில். எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பினால் பாதிப் பேர், 'இந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது' என்று பதில் எழுதுவார்கள். மார்ச் தொடக்கத்துக்கு முன் ஒரு தொகுதி, ஜூன் தொடக்கத்துக்கு முன் இன்னொரு தொகுதி என்று பிரித்து அனுப்பிப் பாருங்கள்.

வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து கட்டாயம். இருவரும் ஒரே அலுவலகத்தில் இருக்கக் கூடாது. செயற்குழுவில் இல்லாத ஒருவர் கணக்கைச் சரிபார்த்து மாநாட்டில் வாசிக்க வேண்டும். பெரிய தணிக்கை நிறுவனம் எல்லாம் தேவையில்லை.

உங்கள் சங்கம் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்துச் சட்டத்தில், பதிவு பெறாத சங்கத்துக்குத் தனிச் சட்ட ஆளுமை கிடையாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவரின் சொந்தத் தலையில் கடன் விழலாம். வேறு பல நாடுகளிலும் நிலைமை இதற்கு நெருக்கமாகவே இருக்கும். மாநாட்டுக்கு ஐம்பது அறை பிடித்து, முப்பது பேர் மட்டும் வந்தால், மீதி இருபது அறைக்கு விடுதிக்காரர் யாரைக் கேட்பார்? கையெழுத்துப் போட்ட உங்களைத்தான். விடுதி ஒப்பந்தத்தை மாநாடு நடத்தும் அவையின் செயலகமே போடட்டும்.

மாநாடு

காமன்வெல்த் சங்கம் மூன்றாண்டுக்கு ஒரு முறை கூடும், இன்டர்ஸ்டெனோவுக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை. எந்த இடைவெளியானாலும் ஒரு செய்தி: நடத்துகிறோம் என்று சொன்ன அவையின் சம்மதத்தைச் சபாநாயகர் அலுவலகத்தின் கடிதமாக வாங்குங்கள். ஹன்சார்ட் பதிப்பாசிரியரின் வாய்வார்த்தை நல்ல மனத்தோடு வந்ததாகவே இருக்கும். ஆனால் நடுவே தேர்தல் வரும், புதிய சபாநாயகர் வருவார், செலவைக் குறைக்கச் சொல்வார். மாற்று இடம் ஒன்றைக் குறிப்பில் எழுதியே வைத்திருங்கள்.

பொதுக்கூட்டத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். இரண்டாம் நாள் காலையில் வையுங்கள். நான் தேர்வான விதத்தை முதலிலேயே சொன்னேன் அல்லவா? காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடக்கும் தேர்தலுக்கு மரியாதை கிடையாது. தேர்வானவருக்கும் அது நல்லதில்லை. வேட்புமனுவை மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

சங்கம் எதைப் பேசலாம்

இதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். நம் உறுப்பினர்கள் அவையின் ஊழியர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மக்களவை 1909-ல்தான் தன் சொந்த நிருபர்களை அமர்த்தியது. அதற்கு முன் ஹன்சார்ட் தனியார் வெளியீடு. ஊழியர் ஆனதும் பாதுகாப்பு வந்தது, கூடவே ஒரு கட்டுப்பாடும் வந்தது. எந்தக் கட்சிக்கும் எந்தத் தீர்ப்புக்கும் ஆதரவாகவோ எதிராகவோ பேச முடியாது. ஒரு நாட்டில் சபாநாயகர் சில சொற்களை அவைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டித்து சங்கம் அறிக்கை விட்டால் மறுநாள் சிக்குவது அந்த நாட்டு உறுப்பினர்தான். நாம் வேறு நாட்டில் நிம்மதியாகத் தூங்குவோம்.

அதற்காக வாய் மூடி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நல்ல அறிக்கைக்கு என்ன இலக்கணம், திருத்தம் எதுவரை போகலாம், அவை உறுப்பினர் வந்து தன் பேச்சை மாற்றச் சொன்னால் என்ன செய்வது, இவை தொழில் கேள்விகள். இவற்றில் சங்கம் உரக்கவே பேச வேண்டும். நாடு, ஆள் பெயர் சொல்லாமல் நெறியாக எழுதிவைத்தால், நெருக்கடியில் இருக்கும் ஒரு பதிப்பாசிரியர் அதை எடுத்துத் தன் மேலதிகாரியிடம் காட்ட முடியும். அந்த ஒரு தாள்தான் அவருக்குத் துணை.

பேச்சைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருள் பற்றி இப்போது எல்லா மாநாட்டிலும் பேச்சு. ஜப்பானில் 1890-ல் நாடாளுமன்றம் கூடிய முதல் நாளிலிருந்தே சுருக்கெழுத்துப் பதிவு உண்டு. அதே ஜப்பானின் பிரதிநிதிகள் அவை 2011-லிருந்து பேச்சறி மென்பொருளைப் பயன்படுத்துகிறது. மனிதர்கள் அதைச் செம்மை செய்கிறார்கள். அனுபவமுள்ள அவைகளைப் பேச அழையுங்கள். விற்க வரும் நிறுவனங்களை மேடையில் ஏற்றுவதற்கு மட்டும் தனி விதி வேண்டும். மாநாட்டுக்கு நன்கொடை கொடுத்தவர் பேசுகிறார் என்றால் அதை நிகழ்ச்சி நிரலிலேயே அச்சிட வேண்டும்.

கைமாற்றிக் கொடுப்பது

பொறுப்பேற்ற நாளிலேயே இதைத் தொடங்குங்கள். ஒரு கோப்பு போதும். நடப்பில் உள்ள விதிகள், இதுவரை நிறைவேறிய தீர்மானங்கள் தேதி வாரியாக, உறுப்பினர் பட்டியல், கணக்கு, மாநாடு நடத்தியவர்கள் எழுதிய அனுபவக் குறிப்பு. இது உங்கள் அலுவலகக் கணினியில் இருக்கக் கூடாது. நீங்கள் வேலை மாறும் நாளில் அந்தக் கணக்கு மூடப்பட்டுவிடும், கூடவே சங்கமும் பூட்டிக்கொள்ளும். சங்கத்தின் பெயரில் தனி இடம் வாங்கி, செயலாளரும் பொருளாளரும் இருவரும் திறக்கும்படி வையுங்கள்.

புதியவர் வந்ததும் ஒரு மாதம் இருவரும் சேர்ந்து வேலை பாருங்கள். வங்கிக் கையெழுத்து மாற்றத்துக்கு நாடு விட்டு நாடு அடையாளச் சான்று அனுப்ப வேண்டியிருக்கும், வாரக்கணக்கில் இழுக்கும். அதுவரை பழைய கையெழுத்து இருக்கட்டும். புதிய பொருளாளர் தன் ஊரிலிருந்து தானே கணக்கைத் திறந்து இருப்பு எவ்வளவு என்று உங்களுக்கு எழுதட்டும். தொகை உங்கள் ஏட்டோடு ஒத்துப்போனால், அன்று உங்கள் பெயரை நீக்கச் சொல்லி வங்கிக்குக் கடிதம் போடுங்கள்.